காவாந்தண்டலத்துக்கு வாங்கிய ரோஜா மாலை

எம்.எல்.ஏ. வீட்டில் நான் பார்த்த வேலைக்குப் பெயர் கிடையாது. தொகுதியில் எங்கே சாவு விழுந்தாலும் நான்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மாலை வாங்கி, அவரை ஜீப்பில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அந்த வீடு மூன்று வேளை சோறும் மரியாதையும் கொடுத்தது. அதை இன்றைக்கும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

அந்த வழக்கம் அவருடைய அப்பா காலத்தது. அவரும் எம்.எல்.ஏ.வாக இருந்தவர். ஊர்த் தெரு, காலனி என்று பார்க்கமாட்டார்; உத்திரமேரூரைச் சுற்றி யார் செத்தாலும் முதல் மாலை அவருடையதுதான். ஒரு தேர்தலில் அவர் தோற்றதற்குக்கூட, ஒரு சாவுக்குத் தாமதமாகப் போனதுதான் காரணம் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். அவர் காலமானதும், மெட்ராஸில் படித்துவிட்டு அரசியலே வேண்டாம் என்றிருந்த மகனைப் பிடித்து நிற்க வைத்தார்கள். ஜெயித்தார். "அப்பன் போட்ட மாலைக்குப் புள்ளைக்கு ஓட்டு" என்று டீக்கடையில் சிரித்தார்கள். அது அவர் காதிலும் விழுந்தது.

நானோ பிறவிப் பயந்தாங்கொள்ளி. மாலை வாடிவிடுமோ என்று ஈரத்துணி போர்த்துவேன். ஈரத்தில் அழுகிவிடுமோ என்று துணியை எடுப்பேன். தாமதமாகிவிடக் கூடாது என்ற நினைப்பு மட்டும் ஒருபோதும் என்னை விட்டுப் போகாது.

எழுபதுகளின் கடைசியில், தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காலை. காவாந்தண்டலத்தில் வயதான விவசாயி ஒருவர் இருந்தார். எம்.எல்.ஏ.வின் அப்பாவோடு பல வருஷம் பேச்சு வார்த்தை இல்லாதவர். பாதி ஊர் அவர் சொன்னபடிதான் ஓட்டுப் போடும். அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று தெரியும். பஸ் கண்டக்டர் வந்து சொன்னார்: "நேத்து வூட்டுக்குக் கொண்டாந்துட்டாங்கப்பா. வாசல்ல பந்தல் போட்டுக்கினு கீறாங்க. பெஞ்சுகூட வந்தாச்சு."

பந்தல், பெஞ்ச். இதற்குமேல் என்ன வேண்டும்? ஆள் போய்விட்டாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றால் எதிர்க்கட்சிக்காரர்கள் முந்திக்கொள்வார்களே! ஓடிப்போய், இருந்ததிலேயே பெரிய ரோஜா மாலையாக வாங்கினேன்.

ஜீப் போய் நின்றபோது வாசல் நிறைய சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் அழுகைச் சத்தம் இல்லை. "அண்ணா, இருங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எம்.எல்.ஏ. இரண்டு கையிலும் மாலையை ஏந்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன்.

கட்டிலில், தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, பெரியவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பியதும் பிள்ளைகள் பந்தலுக்குச் சொல்லிவிட்டார்கள். இவர் விடியற்காலையில் கண்ணைத் திறந்து பசிக்கிறது என்றிருக்கிறார்.

"இன்னா நைனா," என்றார் டம்ளரை இறக்காமல், "எனக்கு மாலை போட வந்தியா, நான் கெளம்பிட்டனான்னு பாக்க வந்தியா?"

யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரியவரின் மூத்த மகனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எவன் சொன்னது உங்களுக்கு?" என்று கேட்டபடியே என்னைப் பார்த்தார். என் கையில் ஊதுவத்திக் கட்டு. முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். இந்த ஊர் ஓட்டும் போச்சு, என் வேலையும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"யாரும் சொல்லல," என்றார் எம்.எல்.ஏ. "பெரியப்பா வூட்டுக்கு வந்துட்டார்னு நானே கேள்விப்பட்டுத்தான் வந்தேன். எங்கப்பாதான் உங்ககூடப் பேசாமலே போய்ட்டாரு. நானாவது ஒரு மரியாதை பண்ணணும்ல?" என்றவர் மாலையைப் பெரியவர் கழுத்தில் போட்டுக் காலைத் தொட்டார்.

பெண்கள் "ஐயையோ" என்றார்கள். பெரியவர் ஒரு ரோஜாவைப் பிய்த்து முகர்ந்து பார்த்தார்.

"தனக்கு விழற மாலைய தானே பாக்கற குடுப்பினை எவனுக்குக் கீது? சரி, ஒக்காரு. செத்திருந்தா கேட்டிருக்க முடியாது, இப்பக் கேக்கறேன். ஏரி மதகுப் பலகை உளுத்துப்போய் தண்ணி நிக்க மாட்டேங்குது. உங்கப்பன்கிட்ட கேட்டுக் கேட்டுத்தான் எங்களுக்குள்ள சண்டையே."

எம்.எல்.ஏ. உட்கார்ந்துவிட்டார். எந்தச் சாவு வீட்டிலும் கால் மணி நேரத்துக்குமேல் நிற்காதவர், அன்றைக்கு எந்த மதகு, எத்தனை பேர் நிலம் என்று கேட்டுக் கேட்டுத் தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது ஜீப்பில் அவர் எழுதிய தாளையே பார்த்துக்கொண்டு வந்தார். எந்த இடத்தில் என்னை இறக்கிவிடுவாரோ, வீட்டில் போய் என்ன சொல்வது என்று நான் புழுங்கிக்கொண்டிருந்தேன். உத்திரமேரூர் வரப்போகும் நேரத்தில் என் பக்கம் திரும்பினார்.

"எங்கப்பாவும் நானும் எத்தினி பேருக்கு மாலை போட்டிருப்போம்? அதுல ஒருத்தராவது மனு குடுத்தாங்களா?"

நிஜமாகவே கேட்கிறார் என்று நினைத்து, "இல்லீங்கண்ணா," என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். "இனிமே ஒடம்பு முடியாதவங்க யாருன்னும் கேட்டு வெய்யி. உசுரோட இருக்கறப்பவே போய்ப் பாக்கலாம்," என்றார்.

என் வேலை போகவில்லை. வேலை இரண்டு மடங்கானது, கவலையும்தான். நோயாளிக்கு வாங்கிய ஆரஞ்சு புளிக்குமோ என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பேன்.

மதகைச் சரிசெய்துவிட்டார்கள். அந்தத் தேர்தலில் அண்ணன் ஜெயித்தார், அடுத்ததில் தோற்றார். ஜீப் போனது. என்னை மட்டும் போகச் சொல்லவில்லை. இரண்டு பேரும் பஸ்ஸில் போய் ஆட்களைப் பார்த்துவிட்டு வந்தோம்.

பெரியவர் நிஜமாகவே காலமான செய்தி அந்த நாட்களில்தான் வந்தது. நான் மாலை வாங்கவில்லை. சைக்கிளை மிதித்துப் போய், என் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, பிறகுதான் பூக்கடைக்குப் போனேன். அதனால் வேறு இரண்டு மாலைகள் எங்களுக்கு முன்பே விழுந்துவிட்டன.

வாசலில் மூத்த மகன் என் கையைப் பிடித்தார். அழுது சிவந்த கண்.

"இந்த வாட்டி நல்லாப் பாத்துட்டுதான் வந்தியா? அன்னிக்கு இவருகிட்ட தப்பாச் சொன்னவன் நீதானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அன்னிக்கே சொன்னேன்ல," என்றார் எங்கள் அண்ணன். "யாரும் சொல்லல. நானேதான் வந்தேன்."