திரையில் உருண்ட மாப்பிள்ளை

அமெரிக்காவிலிருந்து வந்த விசிடியைப் போட்டதும் எங்கள் டிவியில் படம் உருள ஆரம்பித்தது. எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் கால்கள் மேலே, தலை கீழே, நடுவில் தடியாக ஒரு கறுப்புப் பட்டை. நிறமே கிடையாது. எல்லாம் சேர்ந்து மேலே ஓடி மறையும், மறுபடி கீழேயிருந்து கிளம்பி வரும். சத்தம் மட்டும் சுத்தமாகக் கேட்டது. வேலையைப் பற்றியும் வாங்கிய காரைப் பற்றியும் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் கடைசி. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எனக்கு இருபத்தாறு வயது. சோபாவில் மாப்பிள்ளையின் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். அந்த டிஸ்க்கைக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு பக்கத்து ஊரான கிள்ளானிலிருந்து பஸ் ஏறி வந்தவர். அதற்கு முன் வந்திருந்த ஒரே போட்டோவில் மாப்பிள்ளை குல்லாயும் கழுத்துத் துணியுமாகப் பனியில் நின்றார். மூக்கு நுனி மட்டும்தான் தெரிந்தது. அதனால்தான் இந்த டிஸ்க். பார்த்துப் பிடித்திருந்தால் அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது என்று பேச்சு. அம்மா காலையிலேயே தட்டைத் தயார் செய்துவிட்டார்.

அந்த நாட்டு டிஸ்க் வேறு முறை, நம் டிவி வேறு முறை, இரண்டும் ஒத்துப்போகாது என்று டிவி கடைக்காரர் சொல்லிப் பின்னால்தான் தெரிந்தது. ஆனால் அப்பா போனிலேயே அளந்துவிட்டிருந்தார். "எங்க டிவி புதுசு லா. எந்த நாட்டு டிஸ்க்கா இருந்தாலும் ஓடும். நீங்க எடுத்துக்கிட்டு வாங்க."

இப்போது அவர் ரிமோட்டில் இருந்த பொத்தானையெல்லாம் அமுக்கிப் பார்த்தார். டிவியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஓடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனுஷனுக்கு வாய் வரவில்லை.

"பாக்க நல்ல பையனாத்தான் தெரியுது," என்றார்.

"மூக்கு எடுப்பா இருக்கு," என்றார் அம்மா. அந்த நேரம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது முழங்கால்.

பெரியம்மாவும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார். மூன்று பேரும் சேர்ந்து என்னை முகம் தெரியாத ஒருவருக்குக் கட்டிவைக்கப் போகிறார்கள், அதுவும் மரியாதைக்காக! டிஸ்க் முடியப் போகிறது. அம்மா தட்டை எடுத்து வரும்படி எனக்குக் கண்ணைக் காட்டினார். எழுந்தேன். ஆனால் தட்டை எடுக்கப் போகவில்லை.

"ஆன்டி, எனக்கு அவர் மூஞ்சியே தெரியலை," என்று சொல்லிவிட்டேன். "நான் எப்படிச் சரின்னு சொல்றது?"

அப்பா என்னை முறைத்தார். பெரியம்மா கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"எனக்கும் தெரியலம்மா," என்றார் அவர். "என் வீட்லயும் இப்படித்தான் உருண்டுச்சு. உங்கப்பா ஓடும்னு சொன்னாரு. சரி, இங்கயாச்சும் அவன் மூஞ்சியப் பாத்துடலாம்னு வந்தேன். தாயில்லாப் பிள்ளை, நான்தான் வளத்தேன். படிக்கப் போனவன். பத்து வருசமாச்சு, ஒரு தடவ வரல."

அப்பா ரிமோட்டைக் கீழே வைத்தார். யாருக்கும் யாரையும் பார்க்கத் தைரியம் இல்லை. பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"அவன நேர்ல வரச் சொல்றேன். வரட்டும். நீயும் பாரு, நானும் பாக்குறேன்."

அன்றைக்கு வெற்றிலை பாக்கு மாற்றவில்லை. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் எனக்குத் திக்கென்றது. மாப்பிள்ளை வருவதாகச் சொன்னார், லீவு கிடைக்கவில்லை என்றார், பிறகு பெண்ணை அங்கேயே அனுப்பிவைக்க முடியுமா என்று கேட்டாராம். மூன்று மாதம் கழித்து வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பெரியம்மாவே போன் செய்தார். நான்தான் எடுத்தேன். எனக்கு அப்பாடா என்றிருந்தது. போனை வைக்கும் முன் அவர் சொன்னார்:

"உன்னப் பாக்கவாச்சும் வருவான்னு நெனச்சேன்மா."