எங்கள் கிணற்றுக்குக் கிடைத்த நற்சான்றிதழ்

எங்கள் ஊரில் எரிவாயு எடுக்கும் கம்பெனிக்குச் சுற்றுச்சூழல் மேல் இருக்கும் அக்கறை சொல்லி மாளாது. துளை போட்ட இடத்தைச் சுற்றிக் கம்பி வேலி, வேலியில் பச்சைப் பலகை, பலகையில் ஒரு மரத்தின் படம். பலகை எல்லோர் கண்ணிலும் படவேண்டுமென்று அங்கே நின்ற பனைகளை வெட்டிவிட்டார்கள்.

கண்காணிப்பும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்திலிருந்து ஒருவர் வந்து தண்ணீர் பிடித்துப் போவார். அந்த ஆய்வகத்துக்குப் பணம் கொடுப்பது கம்பெனி. கம்பெனியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல அவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

அவர் தண்ணீர் பிடிக்கவேண்டிய இடங்களில் எங்கள் முருங்கைத் தோட்டத்துக் கிணறும் ஒன்று. துளை போட்ட பிறகு அதில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. ஆடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பின. முருங்கை பூவெல்லாம் கொட்டியது. அந்தத் தோட்டம்தான் என்னைத் தூத்துக்குடிக்கு அனுப்பி வேதியியல் படிக்கவைத்தது. எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் எல்லாம் பெருவிரல் ரேகைதான்.

ஆய்வகத்துக்காரர் முதல்முறை வந்தபோது உச்சி வெயில். தோட்டத்துக்குப் போகிற வழியெங்கும் உடைமரத்து முள். அவர் முள்ளைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். அம்மா அவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

“நீங்க எதுக்குத் தம்பி வெயில்ல அலையுதிய? இங்கன உக்காருங்க, நான் கொண்டாரேன்.”

நான் அதைவிட முக்கியமான வேலையில் இருந்தேன். அவர் நீட்டிய படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அதை அவருக்கே படித்துக் காட்டினேன். அவர் கேட்காமலே என் பட்டத்தையும் சொன்னேன். ‘மாதிரி என் முன்னிலையில் எடுக்கப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே, வளைவு நெளிவோடு கையெழுத்துப் போட்டேன்.

மேலும் இரண்டு துளைகளுக்குக் கம்பெனி அனுமதி கேட்டபோது, கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. நம் கருத்து இனிக்கவேண்டும் என்றோ என்னவோ, வாசலில் கற்கண்டு வைத்திருந்தார்கள். நான் மைக்கைப் பிடித்துப் படலத்தையும் பூ கொட்டியதையும் சொன்னேன். கூட்டத்தை நடத்திய அரசு அதிகாரி ஆய்வக அறிக்கையைப் புரட்டினார்.

“உங்க கிணறு இதுதானம்மா? தண்ணி குடிக்கவே ஏற்றதுன்னு போட்டிருக்கு. குளோரின் அளவுகூடச் சரியா இருக்கு. கீழ உங்க கையெழுத்து.”

திறந்த கிணற்றில் குளோரினா? ஆய்வகத்தில் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை. நல்ல செய்தியை யார் தோண்டித் துருவுவார்கள்? எனக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்திலிருந்த அம்மாவிடம் குனிந்தேன்.

“யம்மா, அன்னைக்கு எந்தத் தண்ணிய ஊத்துன?”

“கொடத்துல இருந்த குழாத் தண்ணியத்தான். பின்ன, அந்த நாத்தத் தண்ணியவா குடுத்து அனுப்புவாவ? ஏளா, பத்துப் பேரு பாக்கப்போறது. நம்ம வீட்டப் பத்தி என்ன நெனைப்பாவ?”

பேசாமல் உட்கார்ந்தால் என் பட்டத்தின் மானம் தப்பும், தோட்டம் போகும். மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது.

“அது தாமிரவருணித் தண்ணி சார், குழாய்ல வாரது. எங்க கிணத்துத் தண்ணி இல்ல. நான் பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்.”

மண்டபமே சிரித்தது. “ஏலே, நம்ம பெருவிரலே தேவல போலுக்கே!” என்றார் பின்வரிசையில் ஒரு அண்ணாச்சி. நியாயமான கருத்து. அதிகாரி அதை மட்டும் பதிவு செய்யச் சொல்லவில்லை. மறுபடி மாதிரி எடுக்கச் சொன்னார்.

அடுத்த வாரம் ஆய்வகத்துக்காரர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். பாட்டிலுக்கு அம்மா கை நீட்டுமுன் நான் வாங்கிக்கொண்டேன். மூவரும் முள்ளுக்குள் நடந்தோம். வாளியை நானே இறக்கினேன். மேலே வந்த தண்ணீரைப் பார்க்கப் பிடிக்காமல் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“தம்பி, இது எங்க வீட்டுத் தண்ணி இல்ல, கம்பெனித் தண்ணி. அத எழுதிக்கிடுங்க.”

அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. கையெழுத்துக்கு மட்டும்தான் இருந்தது. பாட்டிலை மூடி அதன் மேல் சீட்டு ஒட்டும்வரை காத்திருந்து, பிறகு போட்டேன். இந்த முறை வளைவு நெளிவு இல்லை.