நமுனுகுல மலையும் உங்கள் அம்மாவின் அடுப்பும்

நம் வீட்டு முன்னறைச் சுவரில் தொங்கும் மலைப் படத்தைப் பற்றி நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஓர் ஆள்கூட இல்லாத படத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய சட்டம் என்று சின்னவன் கேட்டான். ஏன் இத்தனை இருட்டு, மழை நாளில் எடுத்ததா என்று நடுவிலவள் கேட்டாள். பெரியவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் படத்தில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு. அதனால்தான் எழுதி வைக்கிறேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

பதுளைக்கு இன்னும் ரயில் வராத காலம் அது. கடைவீதியில் ஒரு முஸ்லிம் முதலாளி கீழே துணிக்கடையும் மாடியில் படக்கடையும் வைத்திருந்தார். மாடியில் எனக்கு வேலை. படம் எடுப்பது, கண்ணாடித் தகட்டை இருட்டறையில் கழுவுவது, வெயிலில் வைத்து அச்செடுப்பது எல்லாம் நான்தான். இரவில் துணிக்கட்டுகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்துக்கொள்வேன். உங்கள் அம்மாவோ நமுனுகுல மலையடிவாரத்தில், தேயிலைத் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்தில், தன் அப்பாவின் ஒற்றையறைக் காம்பிராவில் கைக்குழந்தையோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் போய்ப் பார்க்க முடியும்.

பெரியவளே, அப்போது நீ தவழ்கிற பிள்ளை. என்னைக் கண்டால் அழுவாய். படக்கடை மருந்து பட்டு என் விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். கையில் ஒரு வாடையும் இருக்கும். கையை நீட்டினால் வீரிட்டுக்கொண்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்வாய். அம்மா சிரிப்பாள். "வாரத்துக்கு ஒருக்கா வர்ற மனுசன அப்பான்னு சொன்னா அது எப்படிங்க நம்பும்?" என்பாள். சிரித்துத்தான் சொன்னாள். ஆனாலும் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சு என்னோடு கூடவே நடந்து வந்தது.

கடைக்குப் பின்னால் பழைய சாமான் போட்டிருந்த ஓர் அறை இருந்தது. அதைக் கொடுத்தால் அம்மாவையும் பெரியவளையும் அழைத்து வந்துவிடலாம். முதலாளியிடம் கேட்டேன். அவர் முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். உங்கள் தாத்தா வேலை செய்த தோட்டத்துத் துரை சீமைக்கே திரும்பிப் போக இருந்தார். தன் மலையைப் பெரிய படமாக எடுத்துத் தரும்படி கேட்டிருந்தார். நாங்கள் ஒன்று எடுத்துக் கொடுத்தோம். துரையின் மனைவி, துரைசாணி, அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். முதலாளி அதை என் முன்னால் விரித்து, "இது என்ன தம்பி, சுண்ணாம்பு அடிச்ச சுவரா? மலை எங்க ஈக்கி?" என்று கேட்டார். துரைசாணி மனம் ஒப்புகிற மாதிரி ஒரு படம் கொண்டு வந்தால் அறையைத் திறந்துவிடுவதாகச் சொன்னார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் கண்ணாடித் தகட்டுக்கு நீலம் என்றால் வெள்ளை. நான் உச்சி வெயிலில் எடுத்திருந்தேன். நீல வானம் வெளுத்துவிட்டது. தூரத்தில் நீலமாகத் தெரியும் மலையும் அதோடு சேர்ந்து வெளுத்துவிட்டது. பச்சையோ கறுப்பாக விழும். ஆக மேலே ஒரே வெள்ளை, கீழே ஒரே கறுப்பு. நாம் மலையைப் பார்க்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அடங்குகிறதே, அது அந்தப் படத்தில் இல்லை.

உடைந்த நீல மருந்துப் புட்டியின் சில்லு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதன் வழியாகப் பார்த்தால் நிறமெல்லாம் போய், படத்தில் எப்படி விழுமோ ஏறக்குறைய அப்படியே தெரியும். அடுத்த ஞாயிறு லயத்துக்கு எதிர்மேட்டில் அம்மாவும் நானும் உட்கார்ந்து அதை மாற்றி மாற்றிக் கண்ணில் வைத்துப் பார்த்தோம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வெயில் இன்னும் மலையின் தோளுக்கு மேலே ஏறவில்லை. இந்தப் பக்கச் சரிவு முழுவதும் நிழல்.

"எழவு வீடு மாதிரி இருக்குங்க" என்று அம்மா சில்லைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அவளே மறுபடி வாங்கிப் பார்த்தாள். அந்த நேரம் லயத்தில் அடுப்புகள் பற்றியிருந்தன. தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து புகை கசிந்து வந்தது. "இப்பப் பாருங்க. பொகை வந்ததும் மலைக்கு உசிரு வந்திருச்சு. இந்நேரம் யாரோ நமக்குத் தேத்தண்ணி வைக்கிறாங்கன்னு தோணுது."

நான் வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். நீலப் புகை தகட்டில் வெள்ளையாக விழும். பின்னால் இருக்கும் சரிவு கறுப்பாக விழும். வெயில் தோளைத் தாண்டும் அந்தக் கொஞ்ச நேரத்தில் புகைக்குள் வெளிச்சம் புகுந்தால் போதும். அப்படியானால் நீயும் வாசலில் நில், படத்தில் விழுவாய் என்றேன். படம் எடுத்தால் ஆயுசு குறையும், மாட்டவே மாட்டேன் என்றாள். லயத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள்.

அடுத்த ஞாயிறு காமிராவோடு வருகிறேன் என்று உங்கள் தாத்தாவிடம் சொன்னேன். அவர் சில்லறைக் கங்காணி, லயத்தில் அவர் சொன்னால் நடக்கும். புகை வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. மாமனாரிடம் இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்க மாப்பிள்ளைக்கு வெட்கம் இருக்காதா?

அந்த வாரம் நல்ல மழை. சனிக்கிழமை நடுராத்திரிக்கு மேல் தோட்டத்துக்குப் போய், லயத்தில் யாரையும் எழுப்பாமல், பொழுது விடியும் முன் எதிர்மேட்டில் காமிராவை நிறுத்தினேன். பள்ளத்தில் பனிமூட்டம் பால் ஊற்றியதுபோல் கிடந்தது. மனம் நிறைந்திருந்தது. மூட்டம் விலகியதும் லயத்தைப் பார்த்தேன். கூரையில் ஒரு புகை இல்லை. வாசலெல்லாம் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. காய்கிற துணி இல்லை, கோழி இல்லை, பிள்ளை குட்டி இல்லை. துரை ஆள்கணக்கு எடுக்கப் பெரட்டுக்களத்துக்கு வருகிற நாள் மாதிரி எல்லாம் துடைத்து வைத்திருந்தது.

உங்கள் தாத்தா தலைப்பாகை கட்டிக்கொண்டு மேடேறி வந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. "மாப்புள, நீங்க சொல்லணுமா? தொரை படத்துல அழுக்கு விழுமா? படம் எடுத்து முடியிற மட்டும் ஒரு அடுப்பும் எரியக் கூடாதுன்னு லயம் முழுக்கச் சொல்லிட்டேன்."

எனக்காக ஒரு லயமே பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நல்லதுங்க மாமா என்றேன். மலையின் தோள் ஓரம் வெளுத்துக்கொண்டே வந்தது. அந்த வெளிச்சம் போய்விட்டால் அறையும் போய்விடும். துரையின் பெட்டிகள் அந்த வாரமே வண்டியேற இருந்தன.

அப்போது எங்கள் காம்பிராக் கதவு திறந்தது. அம்மா வெளியே வந்து, கண்ணுக்கு மேலே கையை வைத்து எங்களைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். முதல் நாளே அவள் தன் அப்பாவிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். பொகைய யாராச்சும் படம் புடிப்பாங்களா என்று அவர் சிரித்துவிட்டாராம். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் கூரை ஓரத்திலிருந்து மட்டும் புகை கிளம்பியது. கவ்வாத்தில் தேயிலைச் செடியிலிருந்து வெட்டிப் போட்ட மிலாறுக் குச்சி, மழையில் நனைந்தது. எரியாமல் புகைந்தது. பருத்து, மெள்ள எழுந்து, இருண்ட சரிவின் மேல் சாய்ந்தது. அந்த நேரம் பார்த்து வெயில் தோளைத் தாண்டியது. புகை அப்படியே விளக்கு ஏற்றியதுபோல் ஆனது.

"யாரது? நம்ம வூட்டுலயா?" என்று தாத்தா கீழே ஓடப் புறப்பட்டார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். அதற்கு முன்னால் அவர் எதிரே உட்கார்ந்ததுகூட இல்லை.

"மாமா, கொஞ்சம் நில்லுங்க. அந்தப் பொகைக்காகத்தான் வந்தேன்."

அவர் என்னையும் பார்த்தார், புகையையும் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார். நான் கறுப்புத் துணியை ஒதுக்கி, காமிராவின் மூடியைக் கழற்றினேன். தகடு திறந்திருக்கும்போதே பெரியவளே, நீ அழுகிற சத்தம் மேடு வரைக்கும் வந்தது. அறை முழுக்கப் புகை, கண் எரிந்திருக்கும். ஓடிப் போய்த் தூக்க வேண்டும்போல் இருந்தது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி மனத்துக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன். மூடியதும் காமிராவைத் தாத்தாவிடம் விட்டுவிட்டு இறங்கி ஓடினேன். அம்மா உன்னை வாசலில் வைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். இருவர் கண்ணும் சிவந்து நீர் வடிந்தது. நான் கையை நீட்டினேன். அந்த ஒரு தடவை நீ என்னிடம் வந்தாய். புகைக்கு நான் தேவலை என்று நினைத்திருப்பாய்.

அச்சு காய்ந்ததும் முதலாளி அதை ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "இது யார்ட வூட்டுப் பொகை?" என்று கேட்டார். எங்கள் வீட்டுப் புகை என்றேன். அவர் அன்றே அதைத் துரைசாணிக்கு அனுப்பிவைத்தார். துரைசாணி படத்தை மற்றச் சாமான்களோடு பெட்டியில் வைக்க விடாமல், மடியிலேயே வைத்துக்கொண்டு வண்டியில் போனாராம். அதைக் கேள்விப்பட்ட அன்றைக்கே முதலாளி பின்னறைச் சாவியை என் கையில் கொடுத்து, பெருக்கி வைக்கச் சொன்னார்.

சுவரில் இருப்பது அதே தகட்டில் எடுத்த இன்னோர் அச்சு. மலை நன்றாக விழுந்திருக்கிறது என்று பார்க்க வருகிறவர்கள் சொல்வார்கள். அம்மா அடுப்படியிலிருந்தே, "ஆமா, அந்த ஈர மிலாறு ஊதினது யாருன்னு கேளுங்க" என்பாள்.