பார்லிக்குப் பிறந்த ஈஸ்ட்

ஜனவரியில் ஊரே குன்வோரைத் திட்டும். டிசம்பரில் ஊரே அவளைக் கொஞ்சும். திட்டுக்குக் காரணம், அவள் ஓட்டும் நகராட்சிப் பனிவாரி வண்டி. சாலையைத் துப்புரவாக்கி, வாரிய பனியை அவரவர் வாசலில் வரப்பு கட்டியதுபோல் ஒதுக்கிவிட்டுப் போகும். கொஞ்சலுக்குக் காரணம், அவள் காய்ச்சும் பீர்.

விற்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை கொட்டகைக் கதவைத் திறந்து வைப்பாள். வோஸ் பள்ளத்தாக்கில் கால் நடக்கிற யாரும் வரலாம்; மரக்கிண்ணத்தில் குடித்துவிட்டு, பொய்யோ மெய்யோ ஒரு கருத்தைச் சொல்லிவிட்டுப் போகலாம். கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்த வேலை. பிள்ளைகள் வளர்ந்து பெர்கன் நகரத்துக்குப் போய்விட்டார்கள். அவளுக்கு ஒரு மூட்டு மாற்றியாகிவிட்டது. காய்ச்சுவது மட்டும் நிற்கவில்லை.

பீரைவிட அவளுக்கு வியப்பு அதைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் மேல்தான். போன முறை நுரையில் வழித்தெடுத்து, காகிதத்தில் பரப்பி உலர்த்தி, ஜாடியில் போட்டு வைத்த பழுப்புச் செதில்கள். அவள் கணவன் ஓட்மண்ட் அதைப் 'பொடுகு' என்பான். அந்தப் பொடுகை வெதுவெதுப்பான மால்ட் சாற்றில், அதாவது முளைகட்டிய பார்லிச் சாற்றில், தூவிவிட்டு, ஆடுகளுக்குத் தீனி வைத்துத் திரும்புவதற்குள் பீப்பாய் மூச்சுவிடத் தொடங்கியிருக்கும். ஆரஞ்சே விளையாத ஊரில் கொட்டகை முழுக்க ஆரஞ்சு வாசனை. எத்தனை முறை பார்த்தாலும் குன்வோர் வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்பாள்.

"சருகாக் காஞ்சு கிடந்ததுய்யா. உயிர் எங்க ஒளிஞ்சிருந்தது?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் இன்னும் சாப்பிடவே இல்ல," என்பான் ஓட்மண்ட்.

அங்கே வீட்டுக்கு வீடு ஈஸ்ட் வேறு. இவளுடையது இவள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. பக்கத்துப் பண்ணைக்கு ஷூர் குடிவந்தபோது, புது வீட்டுக்குக் கொடுக்கிற வழக்கப்படி அவனுக்கு ஒரு பிடி கொடுத்தாள். ஷூர் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். ஹார்டாங்கர் பக்கத்து ஆள். அந்த ஊர்க்காரர்களுக்கு ஆப்பிள்தான் உலகம். அவன் அந்த ஈஸ்டை ஆப்பிள் சாற்றில் போட்டு சைடர் மது செய்து, போன டிசம்பர் சனிக்கிழமை பெருமையாக ஒரு பாட்டிலோடு வந்து நின்றான்.

குன்வோர் ஒரு வாய் குடித்தாள். கூட்டத்தின் நடுவே சொன்னாள்: "பார்லிக்குப் பொறந்ததை ஆப்பிள்ல முக்கிட்டியே, பி.டி. வாத்தியாரே! குதிரையைக் கொண்டுபோய்க் கோழிக்கூண்டுல அடைச்ச கதைதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஷூரும் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் இவள் வாசலை மிதிக்கவில்லை. அவன் வாசலில் மட்டும் பனி வரப்பு கொஞ்சம் உயரமாகவே விழுந்துகொண்டிருந்தது.

இந்த டிசம்பரில் குன்வோர் இரண்டு பங்கு காய்ச்சினாள். வாசனைக்கு ஜூனிப்பர் செடியின் கிளைகள் போட்ட கொப்பரை காலையிலிருந்து கொதித்தது. சாறு இறக்கிப் பீப்பாயில் ஊற்றி, ஆறவிட்டு, வழக்கம்போல் கையை முக்கிப் பார்த்தாள். பதம் சரி. வழக்கமாக ஜாடியில் பாதியை மிச்சம் வைப்பாள். இம்முறை சாறு இரட்டிப்பு. ஜாடியை முழுக்கக் கவிழ்த்தாள். நாளைக்கு நுரையிலிருந்து புதிதாக எடுத்துக்கொண்டால் போயிற்று. நுரை ஒருமுறையும் வராமல் இருந்ததில்லை.

ஆடுகளுக்குத் தீனி வைத்துவிட்டு வந்தாள். சாறு குளம்போல் அசையாமல் கிடந்தது. வாசனையும் இல்லை.

ஓட்மண்ட் எட்டிப் பார்த்து விரலை விட்டான். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"அடியே, சுடுதுடி!"

"எங்க சுடுது?" குன்வோர் மணிக்கட்டுவரை கையை விட்டாள். "வெதுவெதுன்னுதானே இருக்கு."

ஓட்மண்ட் சாற்றைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தான். தோல் சிவந்திருந்தது. இத்தனை குளிர்காலம் வண்டி அதிர்ந்து அதிர்ந்து, விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போவது அவளுக்குத் தெரியும். குளிர்தான் என்று சொல்லித் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். உள்ளங்கைவரை வந்துவிட்டது என்பது இப்போதுதான் தெரிந்தது.

"வேக வச்சுட்டேன்," என்றாள். "அத்தனையையும் வேக வச்சுட்டேன்யா."

"பாக்கெட் ஈஸ்ட் வாங்கிப் போடேன்."

"பாக்கெட் போட்டா பீர் வரும். இது வராது."

ஓட்மண்டுக்கும் புரிந்தது. வேலிக்கு அப்பால் சாடை காட்டினான். "அங்க ஒரு இடத்துல இருக்கே."

"அங்கயா? செத்தாலும் போக மாட்டேன்."

மறுநாள் ஞாயிறு காலை, சாற்றை மறுபடி கொதிக்க வைத்துவிட்டு, தானே போட்ட பனி வரப்பைத் தாண்டமுடியாமல் தாண்டி, ஷூர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"என்னக்கா, வாசல்ல மலை இன்னும் கொஞ்சம் உசரம் வேணுமான்னு பார்க்க வந்தீங்களா?"

"ஈஸ்ட் செத்துப்போச்சு, ஷூர்."

அவன் முகத்திலிருந்த கேலி போய்விட்டது. "மிச்சம்?"

"ஒரு பொட்டு இல்ல."

நிலவறைக்கு அழைத்துப் போனான். பெரிய கண்ணாடிக் குடுவைகளில் மஞ்சள் சைடர். அடியில் இரண்டு விரல் கனத்துக்கு வெளிர் வண்டல். "போன வருஷத்துலேருந்து ஆப்பிள்தான் தின்னுது. பட்டினி மாதிரிதான் அதுக்கு. ஓட்ஸ் கொஞ்சம் போட்டுக் காப்பாத்தினேன். பார்லியை ஞாபகம் வச்சிருக்குமான்னு எனக்குத் தெரியாது."

குன்வோர் குடுவையைக் குனிந்து பார்த்தாள். வண்டலிலிருந்து ஊசிமுனை அளவு குமிழி ஒன்று கிளம்பி, அவசரமே இல்லாமல் மேலே போனது. அது உடையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு குவளை குடு," என்றாள். அப்புறம், குடுவையைப் பார்த்துக்கொண்டே, "நீயும் வா. அந்தக் கண்ணாடிக் குச்சி வச்சிருக்கியே, சூடு பார்க்கிறது. அதையும் எடுத்துக்கோ."

"தெர்மாமீட்டரா? காய்ச்சல்காரனுக்குத்தான் அதுன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். என் கை போயிடுச்சு. சூடு தெரியல. போதுமா?"

ஷூர் தெர்மாமீட்டரை எடுத்துச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டான்.

கொட்டகையில் சாறு ஆற மதியம் ஆயிற்று. ஷூர் குச்சியை விட்டுப் பார்ப்பதும், "இன்னும் இல்ல" என்பதுமாக நின்றான். குன்வோர் பக்கத்திலேயே நின்றாள். தன் சமையலறையில் விருந்தாளி மாதிரி. கடைசியில் "இப்போ" என்றான். அவள் குவளையைச் சாய்த்தாள். ஈஸ்ட் விழும்போது கத்த வேண்டும். கத்தினால்தான் பீர் வலுவாக வரும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். மைதானத்தில் கத்திப் பழகிய தொண்டை ஷூருக்கு. கூரைப் பனி ஒரு பாளம் சரிந்து விழுந்தது.

"அது செத்திருந்தாலும் இப்போ எந்திரிச்சிருக்கும்," என்றான் ஓட்மண்ட்.

எழுந்திருக்கவில்லை. குன்வோர் ஆடுகளுக்குத் தீனி வைத்துவிட்டு வந்தாள். குளம். காபி குடித்தார்கள். குளம். ஷூர் தன் தெர்மாமீட்டரையே சந்தேகப்பட ஆரம்பித்தான். மலைக்குப் பின்னால் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. குன்வோர் துணியையும் பலகை மூடியையும் போட்டுவிட்டு, பீப்பாயில் காதை வைத்தாள்.

வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு கையை மட்டும் ஆட்டி இருவரையும் கூப்பிட்டாள். மூன்று பேரும் மரத்தில் காதை ஒட்டினார்கள். உள்ளே, பனிமேல் மழை விழுவதுபோல் மெல்லிய இரைச்சல். இரைச்சல் வளர்ந்தது. முதலில் ஆரஞ்சு வாசனை வந்தது. அதன் ஓரத்தில், இதற்குமுன் ஒருபோதும் இல்லாதது, ஆப்பிள் தோல் வாசனை ஒரு கீற்று.

"ஞாபகம் இருக்குக்கா அதுக்கு," என்றான் ஷூர். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"போன இடத்தையும் மறக்கல பாரு," என்றாள் குன்வோர்.

மூடி அசைந்தது. குன்வோர் இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்தாள். சூடு தெரியவில்லை, ஈரம் தெரியவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள் ஒன்றாகச் சேர்ந்து, அந்தப் பலகையை அவள் உள்ளங்கையோடு மேலே தூக்குவது தெரிந்தது.

"கையை எடு, நுரை பொங்கட்டும்," என்றான் ஓட்மண்ட். "சாப்பாடு ஆறுது."

"நீங்க போய்ச் சாப்பிடுங்க," என்றாள் குன்வோர். "இது தள்ளுது. நான் கொஞ்ச நேரம் இருக்கேன்."