ஏழுமலை படகின் வாத்து

இன்று காலை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு பறவையின் உயிர் என் பிரஷ் முனையில் இருந்தது.

திருவொற்றியூருக்கு பிரவுசிங் சென்டர் புதிதாக வந்த காலம். நான் முதன்முதலில் பார்த்த கம்ப்யூட்டரில் ஒரு குண்டு வாத்து உட்கார்ந்திருந்தது. மனசை விட்டுப் போகாமல், தோஸ்து ஏழுமலையின் படகில் அதையே வரைந்துவிட்டேன். அந்த சென்டர் இன்று இல்லை. மிச்சம் இந்த வாத்துதான்.

"மாமு, மீனே மாட்ட மாட்டேங்குது. இந்த வாத்தாலதான் பேஜாரு. அழிச்சிடு" என்றான் ஏழுமலை.

காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கும் அவன் மகள் குறுக்கே வந்தாள்.

"வேணாம் நைனா! அது வாத்து இல்ல, பெங்குயின். லினக்ஸுன்னு கம்ப்யூட்டர ஓட்டுற சாப்ட்வேருக்கு அதான் அடையாளம். யாரு வேணா வரஞ்சுக்கலாம். வவுறு முட்ட மீன் துன்னுட்டு குஷியா குந்திகினு கீற மாரி இருக்கணும்னு லினக்ஸ செஞ்சவரே கேட்டாராம்."

ஏழுமலை துள்ளினான். "பாத்தியா மாமு! என் மீனெல்லாம் எங்க போச்சுன்னு இப்பதான் தெரியுது!"

கெஞ்சிக் கூத்தாடினேன். பறவை இருக்கட்டும், தொப்பையைக் குறைத்துவிடு என்று இறங்கி வந்தான்.

வெள்ளைத் தொப்பையின் இரண்டு பக்கமும் கறுப்பு பெயிண்ட் இழுத்து இளைக்க வைத்துவிட்டேன். இனிமேல் அதற்குப் பசி இன்னும் அதிகமாகுமே என்று யாரும் அவனிடம் போய்ச் சொல்லித் தொலைக்காதீர்கள், மக்களே!