பூனை பார்க்கப் போன பல்கலைக்கழகம்

என் வகுப்புத் தோழன் ஒருவன் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனான். நான் ரங்கூனுக்குப் போனேன். யாங்கோன் என்று பெயர் மாறிப் பல வருடம் ஆகியும் எங்களூரில் அது ரங்கூன்தான். பர்மிய மொழி கற்க ஓராண்டு உதவித்தொகை. விண்ணப்பித்தது நான் ஒருவன் மட்டுமே என்பதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

சில மாதங்களில் அவனிடமிருந்து ஒரு பட அஞ்சலட்டை வந்தது. கோபுரங்கள், ஆறு, படகுகள். பின்பக்கத்தில், 'பழைமையான பல்கலைக்கழக ஊர். ஒருநாள் பயணமாகப் போய் வந்தேன்' என்று எழுதியிருந்தான். எனக்கு வயிறு எரிந்தது. எனக்கும் உடனே ஒரு பழைமையான பல்கலைக்கழகம் தேவைப்பட்டது.

நல்லவேளையாக ரங்கூனிலேயே ஒன்று இருந்தது. ஏரிப் பக்கம், வெள்ளைக்காரன் காலத்து வளாகம். விடுதிகள், தேவாலயம், பட்டமளிப்பு மண்டபம், பெரிய மரங்கள் நிழலடிக்கும் சாலைகள் என்று ஒரு சின்ன ஊர் அளவுக்கு இருக்கும் என்று கேள்வி. தின்கன்ஜூன் பகுதியில் நான் தங்கியிருந்த வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அதற்குப் போய் ஒருநாள் பயணம் என்று பெயர் வைத்து, கட்டுச்சோறும் தயார் செய்தேன்.

அந்த வீட்டுக்காரர்கள் கிறிஸ்தவத் தமிழர்கள். மூத்த மகளை அக்கா என்று கூப்பிடுவேன். நகர நடுவில் லான்மடா பகுதியில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் இரண்டு வருடம் தாவரவியல் படித்திருக்கிறார். பிறகு மாணவர் போராட்டம் என்று அரசாங்கம் பல்கலைக்கழகத்தையே மூடிவிட்டது. பட்டத்தைத் தபால் வழியில்தான் முடித்தாராம். என் திட்டத்தைக் கேட்டதும், "உள்ள விடமாட்டாங்க தம்பி. நான் படிச்ச எடம், என்னையே விடல" என்றார். நான் வெளிநாட்டு மாணவன், பர்மிய மொழி வேறு பேசுகிறவன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தைரியம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவரும் கிளம்பி வந்தார். என் மேல் நம்பிக்கை வைத்து வந்தாரா, வேடிக்கை பார்க்க வந்தாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.

வாசலில் வயதான காவலாளி ஒருவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியத்தை அவரிடம் ஒப்பித்தேன். இந்தப் பள்ளியைப் பார்க்கவேண்டும் என்று இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன், மாமா. அங்கே பல்கலைக்கழகத்தையும் பள்ளி என்றுதான் சொல்வார்கள். பர்மிய மொழியில் பள்ளிக்கும் பூனைக்கும் ஏறக்குறைய ஒரே உச்சரிப்பு. குரலை ஏற்றினால் பள்ளி, தாழ்த்தினால் பூனை. நான் மரியாதை காட்டுவதாக நினைத்துக் குரலைத் தாழ்த்திவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, எந்தப் பூனை என்று கேட்டார். எந்தக் கட்டடம் என்று கேட்பதாக எனக்குப் பட்டது. இருப்பதிலேயே பழையது, வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனது என்றேன்.

அவர் எழுந்து பக்கவாட்டுக் கதவைத் திறந்தார். நான் கைலி முடிச்சை இறுக்கிக்கொண்டு தலைநிமிர்ந்து நடந்தேன். அக்கா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தார். பழைய நினைவில் அழுகிறார் என்று நினைத்து நடையைக் குறைத்துக்கொண்டேன்.

காவலாளி எங்களை ஒரு சுவரோரத் தகரக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். சாக்கின் மேல் ஒரு கிழட்டுப் பூனை படுத்திருந்தது. ஒரு காது கிழிந்திருந்தது. இருப்பதிலேயே பழையது இதுதான் என்று கை காட்டினார்.

"தம்பி, நீ பூனையப் பாக்கணும்னுதான் கேட்டே" என்றார் அக்கா. அதற்குமேல் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

காவலாளி சிரிக்கவில்லை. அக்கா தான் இங்கே படித்ததைச் சொன்னதும், எந்த வருடம், என்ன படிப்பு என்று விசாரித்தார். அந்தக் காலத்தில் காவலாளி பெண்கள் விடுதியில் வேலையில் இருந்தாராம். பள்ளியைப் பார்க்க வருகிறவர்களை விடக்கூடாது என்று உத்தரவு உண்டு, பூனையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார். அக்கா கொஞ்சம் தயங்கி, தாவரவியல் கட்டடத்துப் பக்கம் ஏதாவது பூனை இருக்குமா என்று கேட்டார். அவர் யோசித்துவிட்டு, ஒன்று இருக்கலாம் என்றார்.

நான் வரக்கூடாது, வெளிநாட்டு முகம் தூரத்திலேயே தெரியும் என்று காவலாளி சொல்லிவிட, அவர்கள் இருவரும் போனார்கள். என் முகம் அக்காவின் தம்பி முகம் மாதிரிதான் இருக்கும். நான் வாயைத் திறந்துவிடுவேன் என்று காவலாளி பயந்திருப்பார். நான் கொட்டகையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தேன். பூனை வந்து மோந்து பார்த்தது. எலுமிச்சைச் சோறு பிடிக்கவில்லை போலிருக்கிறது, திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

அரைமணி நேரம் கழித்து அக்கா மட்டும் முன்னால் வந்தார். இந்தமுறை கண் உண்மையிலேயே சிவந்திருந்தது.

"சன்னல் வழியா பார்த்தேன். எங்க பெஞ்சு அப்படியேதான் கெடக்கு" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் பேசினார். சோதனைக்கூடத்து வாசனை, பாசி சேகரிக்க ஏரியில் இறங்கிச் செருப்பைத் தொலைத்தது, தோழிகள் ஒவ்வொருவரும் எந்த ஊரில் வாக்கப்பட்டார்கள் என்பது. மண்டபம் எப்படி இருந்தது, தேவாலயம் திறந்திருந்ததா என்று நான் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தவை எல்லாம் அந்த பஸ்ஸில் கேட்டவைதான்.