தெர்மலில் கறுப்புப் பூனையும் வெள்ளைதான்

ஞாயிற்றுக்கிழமை ஓடிப்போன என் கறுப்புப் பூனை உளுந்து இன்னும் வீடு திரும்பவில்லை.

சுவா சூ காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் முழுக்கப் புதர். டார்ச் அடித்துத் தேடித் தேடி ஓய்ந்துவிட்டேன்.

அதனால் இன்று லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்குப் போனேன். உடல் சூட்டை வைத்து இருட்டில் உயிர்களைக் காட்டும் தெர்மல் மோனாகுலர் வேண்டும். இருப்பதிலேயே அதிகத் தூரம், இரண்டு கிலோமீட்டர் வரை காட்டுவதைக் கேட்டேன்.

கடைக்கார அண்ணன் சிரித்துவிட்டார்.

"ரெண்டு கிலோமீட்டரா? பூனை என்ன, பாலம் தாண்டி ஜொகூருக்கா போயிருச்சு? பக்கத்துப் புதர்னா அகலமா காட்டுறத எடுங்க லா."

அவர் நீட்டியதைக் கண்ணில் வைத்தேன். கடையில் இருந்த எல்லோரும் வெள்ளை உருவங்களாகத் தெரிந்தார்கள்.

"எல்லாப் பூனையும் இப்படித்தான் தெரியுமா? அப்ப என்னோடத எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது?"

"பேர் சொல்லிச் சத்தமா கூப்பிடுங்க. எது திரும்பிப் பாக்குதோ, அதான் உங்களோடது."

சத்தமாக. நான். பஸ்ஸில் இறங்க வழி கேட்கவே கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்புக்குப் போய்விடுகிறவள்.

வாங்கிவிட்டேன். இன்றிரவு புதர்ப் பக்கம் யாராவது "உளுந்து! உளுந்து!" என்று கத்தினால் போலீஸைக் கூப்பிடாதீர்கள். முடிந்தால் கீழே இறங்கி வந்து கூடவே கத்துங்கள். தனியாக என்றால் எனக்குக் குரலே வராது.